தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பும் குட்டி

கால்நடை மருத்துவம்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகாரைத்தான் சொல்கின்றன: நாய்க்குட்டி சாப்பிட மாட்டேன் என்கிறது. அவற்றிலிருந்து சில.

கேள்வி: எங்கள் லாப்ரடார் குட்டிக்கு மூன்று மாதம், எடை எட்டு கிலோ. வந்த புதிதில் பப்பி ஃபுட்டைத் தட்டு காலியாகும்வரை சாப்பிட்டாள். இப்போது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள். தயிர் கலந்தால் இரண்டு நாள் ஓடுகிறது, சிக்கன் கலந்தால் மூன்று நாள். அப்புறம் அதுவும் வேண்டாம். காலையும் மாலையும் ஒரு டம்ளர் பால், மாமியார் கொடுக்கிற மேரி பிஸ்கட், ராத்திரி எங்களோடு ஒரு சப்பாத்தி, இவை மட்டும் தவறாமல் உள்ளே போகின்றன. விளையாட்டு, ஓட்டம் எதிலும் குறைவில்லை.
— வாசகி, தாம்பரம்

பதில்: முதலில் கணக்குப் பார்த்துவிடுவோம். கால்குலேட்டரில் குட்டியின் எடையை மூன்று முறை பெருக்குங்கள்: 8 × 8 × 8 = 512. வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை தட்டினால் 4.76 வரும். அதை 70ஆல் பெருக்கினால் 333. நான்கு மாதம்வரை இதன் மூன்று மடங்கு, அதாவது ஏறக்குறைய 1,000 கலோரி, ஒரு நாளின் மேல்வரம்பு. வீட்டுக்குள்ளேயே வளர்கிற குட்டிக்குப் பத்துப் பதினைந்து சதவீதம் குறைந்தாலும் போதும். ஆக 850 முதல் 1,000 கலோரி. நான்கு மாதத்துக்கு மேல் மூன்று மடங்கு வேண்டாம், இரண்டு மடங்கு போதும். மற்ற வாசகர்களும் தங்கள் குட்டியின் எடையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது தட்டுக்கு வெளியே போவதைக் கூட்டுங்கள். 150 மில்லி டம்ளர் என்றால் இரண்டு டம்ளர் பாலில் 180 கலோரி. மேரி பிஸ்கட் ஒன்று சுமார் 25. மாமியார் ஒரு நாளைக்கு ஆறுதான் கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டாலும் 150. சப்பாத்தி ஒன்று 100, நெய் தடவியிருந்தால் இன்னும் கூடும். மொத்தம் 430. பாதிச் சாப்பாடு தட்டைப் பார்ப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. குட்டி பிகு பண்ணவில்லை, அதற்குப் பசியில்லை. மிச்சப் பாதிக்குத் தயிரா சிக்கனா என்று அது பார்க்கிறது. தட்டைத் தொடாமல் இருந்தால் அதைவிட ருசியாக ஒன்று வருகிறது என்பதை நீங்கள்தான் வாரத்துக்கு இரண்டு முறை கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது இது. பாலையும் பிஸ்கட்டையும் சப்பாத்தியையும் இன்றோடு நிறுத்துங்கள். பால் மறந்த குட்டிகளுக்குப் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துகொண்டே வரும். மலம் தளர்வாகப் போவதற்குப் பல வீடுகளில் காரணம் இந்த டம்ளர்தான். பப்பி ஃபுட் பையில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் 350க்கும் 400க்கும் இடையில் இருக்கும். அந்தக் கணக்கில் உங்கள் குட்டிக்கு நாளைக்கு சுமார் 240 கிராம். இதைக் கிச்சன் தராசில் நிறுத்து, காலையிலேயே ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். கப்பில் அளக்க வேண்டாம். ஒரு கம்பெனியின் கப்பில் 80 கிராம் பிடித்தால் இன்னொன்றில் 110 பிடிக்கும்.

அந்த டப்பாவிலிருந்து காலை ஆறரை, பதினொன்றரை, மாலை ஐந்து, இரவு எட்டரை என்று நான்கு வேளை, வேளைக்கு 60 கிராம். அதே அளவு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். நாய் முதலில் மூக்கால்தான் சாப்பிடுகிறது. சூடு பட்டால் கொழுப்பின் வாசனை எழும்பும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், உங்கள் மணிக்கட்டில் ஊற்றினால் இதமாக இருக்க வேண்டும். தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து "சாப்பிடும்மா, சாப்பிடும்மா" என்று கெஞ்சுவது அதற்கு ஒரு விளையாட்டாகத் தோன்றும். பதினைந்து நிமிடம் கழித்து, மிச்சம் இருந்தாலும் எடுத்துவிடுங்கள். ஊறிய உணவை நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் புளித்துவிடும். அடுத்த வேளைக்கு அதே 60 கிராம்தான், விட்டதைச் சேர்த்து வைக்கக் கூடாது. 'உட்கார்', 'வா' சொல்லிக்கொடுக்கும்போது கையில் கொடுப்பதும் அந்த டப்பாவிலிருந்தே போகட்டும்.

முதல் நாள் ஒன்றிரண்டு வேளையைத் தாண்டிவிடும். பயப்பட வேண்டாம். துள்ளி ஓடுகிற லாப்ரடார் குட்டி ஒரு வேளையை விட்டால் ஒன்றும் ஆகாது. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குள் வழிக்கு வந்துவிடும். திட்டம் கெடுவதும் அந்த மூன்றாம் நாளில்தான். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு போய் நிற்கும், யாராவது ஒருவர் மனம் இரங்கி ஒரு பிஸ்கட்டை உடைப்பார். எப்போதாவது ஒரு முறை கிடைப்பது, தினமும் கிடைப்பதைவிட நாயை அதிக நாள் காத்திருக்க வைக்கும். ஆகவே மாமியாரிடம் "கொடுக்காதீர்கள்" என்று சொல்வதைவிட, ஒரு வேளைச் சாப்பாடு வைக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுவது நல்லது. பாசமும் காட்டலாம், கணக்கும் தப்பாது.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: பையை முகர்ந்து பாருங்கள். திறந்த பையில் கொழுப்பு காற்றுப் பட்டுக் கெட்டு வாடை அடிக்கும். நான்கைந்து உருண்டையைக் காகிதத்தில் வைத்து நசுக்கினால், பலமுறை பொரித்த எண்ணெயின் வாடை வருகிறதா? வந்தால் குட்டி சொல்வதுதான் சரி. பிரித்த பையை நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். உணவைத் தனியாக டப்பாவில் கொட்டாமல், பையோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வையுங்கள். கடையில் மூட்டையிலிருந்து லூஸாக அள்ளித் தருவதை வாங்கவே வேண்டாம். அது எப்போது பிரித்தது என்று கடைக்காரருக்கே நினைவிருக்காது.

24 மணி நேரம் எதையுமே தொடவில்லை, அல்லது சோர்ந்து படுக்கிறது, வாந்தி எடுக்கிறது என்றால் இந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பொமரேனியன் குட்டி, இரண்டு மாதம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எடை 900 கிராம். சாப்பாட்டைத் தொட மாட்டேன் என்கிறது. பதினைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிட்டால் தானாகச் சாப்பிடும் என்கிறார்கள். நேற்று காலை கொஞ்சம் தள்ளாடியது.
— வாசகர், திருச்சி

பதில்: இவ்வளவு சின்னக் குட்டிக்கு அந்த முறை வேண்டவே வேண்டாம். கல்லீரலில் சேமிப்பு குறைவு. ஆறேழு மணி நேரம் வயிறு காலியாக இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென இறங்கிவிடும். நீங்கள் பார்த்த தள்ளாட்டம் அதுவாகவே இருக்கக்கூடும். அடுத்து நடுக்கம், உடல் சில்லிட்டுப்போவது, வலிப்பு என்று போகும்.

மறுபடி தள்ளாடினால் அரை டீஸ்பூன் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். துணியில் சுற்றிச் சூடாக வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தெளிந்துவிட்டாலும் இன்றே ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சாப்பாடு நாளைக்கு ஆறு வேளை. கடைசி வேளை இரவு பதினொன்று, முதல் வேளை காலை ஐந்து. பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. ஒரு நாளுக்கே 50 கிராம் பப்பி ஃபுட்தான் தேவை. அதைக் கூழாகக் குழைத்து, உப்பில்லாத சிக்கன் வேகவைத்த தண்ணீர் ஒரு ஸ்பூன் சேருங்கள். முதல் வாரம் விரலில் கொடுத்தாலும் தப்பில்லை. குட்டிக்கு உண்மையில் இரண்டு மாதம்தானா என்பதையும் மருத்துவரிடம் பல்லைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஐந்து வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்து, வயதைக் கூட்டிச் சொல்லி விற்பது சகஜம்.

கேள்வி: சிப்பிப்பாறை, ஐந்து மாதம், பத்து கிலோ. விலா எலும்பு தெரிகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "பட்டினி போடுகிறீர்களா?" என்கிறார்கள். தாத்தா காலத்தில் கொடுத்த மாதிரி கம்மங்கூழும் மோரும் கொடுக்கிறோம். முன்பு கிண்ணத்தை நக்கிவைக்கும், இப்போது பாதி மிச்சம்.
— வாசகர், கோவில்பட்டி

பதில்: சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நம் நாட்டு வேட்டை நாய் இனங்கள் இரண்டும் ஓடுவதற்கென்றே உருவான உடம்பு. கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவது இவற்றுக்கு இயல்பு, லாப்ரடாரோடு ஒப்பிடக் கூடாது. கையால் தடவிப் பாருங்கள். விலாவின் மேல் தோல் நழுவ வேண்டும், தொடைச் சதை கையில் கெட்டியாகப் பிடிபட வேண்டும். முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவும் முட்டிக்கொண்டு நின்றாலோ, இடுப்பெலும்பு கூர்மையாகத் துருத்தினாலோ மெலிவுதான்.

ஐந்து மாதத்தில் பாதி மிச்சம் வைப்பதற்கு இரண்டு சாதாரணக் காரணங்கள் உண்டு. ஒன்று, வளர்ச்சி வேகம் குறைகிற வயது இது. இன்னொன்று, பல். 28 பால்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கிற நேரம். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சிவந்திருக்கும், கடித்த துணியில் துளி ரத்தம் இருக்கும். அந்த வாரங்களில் குழைவாக, அதிகச் சூடில்லாமல் கொடுங்கள். ஏழு மாதம் ஆன பிறகும் பழைய கோரைப்பல் புதியதன் பக்கத்திலேயே நின்றால் மருத்துவரிடம் காட்டிப் பிடுங்க வேண்டியிருக்கும்.

கூழைப் பற்றித் தயங்காமல் சொல்லிவிடுகிறோம். அந்த நாய்கள் கூழோடு நின்றுவிடவில்லை. முயல் வேட்டைக்குப் போய்ப் பங்கும் வாங்கின. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பங்கு போய்விட்டது, கூழ் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கூழில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வயிறு நிறைந்துவிடும், உடம்புக்குச் சேருவது கொஞ்சம். பத்து கிலோவுக்கு ஏறக்குறைய 780 கலோரி வேண்டும். கம்பை விட மனமில்லையென்றால் களியாகக் கெட்டியாகக் கிண்டுங்கள், அதுவும் மொத்தச் சாப்பாட்டில் கால் பங்குக்கு மேல் போக வேண்டாம். மிச்சத்துக்கு 150 கிராம் பப்பி ஃபுட், ஒரு வேகவைத்த முட்டை. வாரத்துக்கு இரண்டு நாள் 20 கிராம் வேகவைத்த ஈரல் போட்டால் தட்டு தானாகக் காலியாகும். தினமும் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து எலும்பைக் கெடுக்கும்.

பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. இரண்டு வாரக் குட்டியில் ஆரம்பித்து இரண்டு மாதம்வரை பதினைந்து நாளுக்கொருமுறை, பிறகு ஆறு மாதம்வரை மாதாமாதம். விட்டுப்போயிருந்தால் எடையைச் சொல்லி இன்றே வாங்குங்கள்.

கேள்வி: கிரேட் டேன், நான்கு மாதம். பசி எடுக்க லிவர் டானிக்கும், எலும்புக்குக் கால்சியம் சிரப்பும் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
— வாசகர், மதுரை

பதில்: கால்சியம் கூடாது. வளர்ந்த நாய் தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தை உள்ளே விடாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது, கொடுப்பதில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்ளும். பெரிய இனங்களில் கால் வளைவதற்கும் மூட்டு கெடுவதற்கும் இது ஒரு காரணம். 'லார்ஜ் ப்ரீட் பப்பி' என்று போட்ட உணவில் தேவையான அளவு ஏற்கெனவே இருக்கிறது. வெறும் கறியும் சோறும் போட்டு வளர்க்கிற வீட்டில் கதை நேர்மாறு. கறியில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் இல்லை என்றே சொல்லலாம், அங்கே குறைவால் கால் வளையும். அதற்கும் சிரப்பைக் கண்ணளவில் ஊற்றுவது வழியல்ல. அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். லிவர் டானிக் பசி மருந்து இல்லை. ஈரலில் கோளாறு என்று சந்தேகம் வந்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கேள்வி: சுத்த சைவக் குடும்பம், முட்டைகூடக் கிடையாது. தெருவில் கிடந்த நாட்டுக் குட்டியை எடுத்து வளர்க்கிறோம், நான்கு மாதம். தயிர்சாதம்தான் கொடுக்கிறோம். இப்போது தயிரை நக்கிவிட்டுச் சாதத்தை ஒதுக்குகிறது.
— வாசகி, கும்பகோணம்

பதில்: சாதம் நாய்க்குச் செரிக்கும், அதில் சந்தேகமில்லை. மனிதனோடு வாழ்ந்ததில் மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு நாய்களில் ஓநாயைவிடப் பல மடங்கு பெருகியிருப்பதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிக்கல் செரிமானத்தில் இல்லை, புரதத்தில் இருக்கிறது. 200 கிராம் சாதமும் 100 கிராம் தயிரும் பிசைந்தால் எட்டு கிராம் அளவுக்குத்தான் புரதம். தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் அது 11 சதவீதம். வளரும் குட்டிக்குக் குறைந்தது 22 சதவீதம் வேண்டும். கால்சியமும் அப்படியே, தேவையில் கால் பங்குகூட வராது. குட்டி தயிரை மட்டும் எடுத்துக்கொள்வதில் அதன் நியாயம் இருக்கிறது.

குட்டிகளுக்கென்றே தயாரித்த சைவ உலர் உணவு கடைகளில் கிடைக்கிறது. பையின் மேல் 'பப்பி' அல்லது வளரும் பருவத்துக்கானது என்று இருக்க வேண்டும், பெரிய நாய்க்கானது உதவாது. சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்கு அதுவாக இருக்கட்டும். மேலே இரண்டு ஸ்பூன் புளிக்காத தயிர், அல்லது 15 கிராம் உப்பில்லாத பனீரை உதிர்த்துப் போடுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றாலே போகும், "இதுவும் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நீங்களும் நிறுத்திவிடுவீர்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால், ஏழாம் நாள் முழுவதும். முட்டைக்கு வீட்டில் சம்மதம் கிடைத்தால் வேலை இன்னும் சுலபம், கிடைக்காவிட்டாலும் வளர்த்துவிடலாம்.

கேள்வி: ராஜபாளையம், இரண்டரை மாதம். ஒரு தடுப்பூசி போட்டாயிற்று. நேற்று ராத்திரியிலிருந்து எதையும் தொடவில்லை, இரண்டு முறை வாந்தி. சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: இந்தக் கடிதம் வந்த அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே அச்சிடுகிறோம். இது சாப்பாட்டு விஷயமே இல்லை. இந்த வயதில் சாப்பிடாமையும் வாந்தியும் சேர்ந்து வந்தால் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸைத்தான் முதலில் நினைக்க வேண்டும். சில மணி நேரத்தில் ரத்தம் கலந்து, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு வயிற்றாலே போக ஆரம்பிக்கலாம். ஒரு ஊசி போட்டது போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுத்திருக்கலாம். அதனால்தான் மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை 16 வாரம்வரை திரும்பப் போடுகிறோம்.

வாந்தி எடுக்கிற குட்டிக்குப் பாலோ மோரோ புகட்டாதீர்கள். பாராசிட்டமால், புரூஃபென் எதுவும் வேண்டாம், நாய்க்கு அவை நஞ்சாகும். ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். தாமதமானால் நீர் வற்றியிருக்கிறது. மலத்தைக் கொஞ்சம் பிளாஸ்டிக் கவரில் எடுத்துப் போங்கள், கையடக்கப் பரிசோதனைக் கிட்டில் அங்கேயே பார்த்துவிடலாம். உங்கள் ஊரில் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காத்திருக்கும் இடத்தில் மற்றக் குட்டிகளோடு விடாமல், உள்ளே போகும்முன் "பார்வோ சந்தேகம்" என்று சொல்லிவிடுங்கள். வீட்டுத் தரையைப் பினாயிலால் துடைத்தால் இந்த வைரஸ் சாகாது. ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஈரமாக விட்டுக் கழுவ வேண்டும்.

தடுப்பூசி முழுவதும் போட்ட குட்டி சாப்பிடவில்லையென்றால் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா பாருங்கள். உண்ணிக் காய்ச்சலின் முதல் அடையாளமே பசியின்மைதான். ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் இயல்பு. 103.5ஐத் தாண்டினாலும், 100க்குக் கீழே இறங்கினாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்றால் மட்டும் எங்கள் பீகிள் சமையலறை வாசலிலேயே படுத்துவிடும். மற்ற நாளில் சாப்பாட்டுக்குப் பத்து தடவை கூப்பிட வேண்டும். பிரியாணிக் கறியைக் கழுவிக் கொடுக்கலாமா? எடை மூன்று கிலோ.
— வாசகர், ஆம்பூர்

பதில்: கழுவினால் காரம் போகும், வெங்காயமும் பூண்டும் போகாது. அவற்றின் சாறு கறிக்குள் இறங்கியிருக்கும். அது நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். மூன்று கிலோ குட்டிக்கு 50 கிராம் வெங்காயமே ஆபத்து, ஒரு நடுத்தர வெங்காயத்தில் பாதி அது. சாப்பிட்ட அன்று ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். வெந்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும், அதையும் போடாதீர்கள்.

கறிக்கடையில் வாங்கி வந்ததும், மசாலா தடவுவதற்கு முன்பே 100 கிராம் எலும்பில்லாத சிக்கனைத் தனியாக எடுத்து வையுங்கள். உப்புகூடப் போடாமல் இரண்டு டம்ளர் தண்ணீரில் வேகவிட்டு, கறியை நாராக உதிர்த்து, நாளைக்கு 20 கிராமுக்கு மேல் போகாமல் பப்பி ஃபுட்டோடு நன்றாகப் பிசையுங்கள். மேலாகத் தூவினால் பொறுக்கித் தின்றுவிட்டுப் போய்விடும். வெந்த தண்ணீரை ஆறவைத்து, மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டு, ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு வாரத்துக்கு வரும். வேளைக்கு ஒரு கட்டியை வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள்.